தருமபுரியில் காலமான அமெரிக்க எம்.எல்.ஏ.

சொந்த நிழலையே நிறுத்தி, "யாரு நீ, எதுக்கு என் பின்னாலயே வர்ற?" என்று விசாரிக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரிடம்தான் நான் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடை, அதன் மாடியில் பத்து மிஷின்கள் கொண்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். போர்டில் பெயர் எழுதியிருந்த இடத்தைத் துரு தின்றுவிட்டது. அவருடைய பெயரைக் கேட்டால், "எதுக்குக் கேக்கற?" என்பார். அதனால் ஊருக்கே அவர் எம்.எல்.ஏ. மாஸ்டர்.

தேர்தலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஓட்டுப் போடக்கூட அவர் போனதில்லை. மடித்துப் போட்ட சீட்டு பெட்டிக்குள் போனபிறகு என்ன ஆகிறது என்று அவரிடம் யாரும் திருப்தியாக விளக்கவில்லையாம். எம்.எல்.ஏ. என்பது வேறொரு ஆள். அவர் அமெரிக்காக்காரர். அவரிடம் வருகிறேன், அதற்கு முன் மாஸ்டரைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். டிகிரி முடித்துவிட்டு இண்டூரில் எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் ஏழு மாதம் படுத்துக் கிடந்தேன். கட்டில் தொய்ந்து தரையைத் தொட்ட அன்று எங்கப்பா என்னைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மாடி ஏறி, "வணக்கம் சார்" என்றேன்.

"எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"டைப் கத்துக்கலாம்னு வந்தேனுங்க."

"யாரு அனுப்பிச்சா?"

"எங்கப்பாங்க."

"அவருக்கு யாரு சொன்னா?"

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மச்சான், மச்சானுடைய முதலாளி வரைக்கும் விசாரணை போனது. எதிர்த்தெரு இன்ஸ்டிடியூட் அனுப்பிய ஒற்றன் நான் இல்லை என்று அரைமனதாக முடிவுகட்டிய பிறகுதான் ஏழாவது மிஷினைக் காட்டினார்.

அவர் வகுப்பில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். முகத்தைப் பார்த்தால் எல்லாரும் நல்லவர்களாகத் தெரிகிறார்களாம், காதுதான் பொய் சொல்லாதாம். "நாலாவது மிஷின், சுண்டுவிரல் வேலைய மோதிரவிரல் செய்யுது. யாரு அது?" என்பார். பார்த்து அடிக்கிறோமோ என்று விசைகளின் மேல் காக்கித் துணி போர்த்தியிருப்பார். துணியைத் தூக்கிப் பார்க்கிறோமோ என்று துணியின் ஓரத்தில் மணி கட்டியிருந்தார். ஸ்பீடு டெஸ்டுக்கு மேஜைமேல் ஒரு டைம்பீஸ், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஜன்னலில் இன்னொரு டைம்பீஸ், இரண்டும் பேசி வைத்துக்கொண்டு ஏமாற்றினால் பிடிப்பதற்குச் சட்டைப்பையில் ஒரு கடிகாரம். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்தான். ஆனால் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அவர் மட்டும் கண்ணைத் திறந்தபடி ஜெபிப்பார் என்று எங்களோடு டைப் படித்த ஆரோக்கியமேரி சொல்வாள். அவளும் அதே கோயில். "அவரு முழிச்சிருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இப்படி யாரையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவரை முழுசாக நம்பினார். அவர் பெயர் பெல்விக்.

வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன மரப்பெட்டியிலிருந்து மாஸ்டருக்கு ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. போன நூற்றாண்டில் அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தின் சட்டசபையில் உறுப்பினராக இருந்த பெல்விக் என்பவரின் வாழ்க்கை வரலாறு அது. மற்ற இன்ஸ்டிடியூட்டுகளில் பழைய கேள்வித்தாளை அடிக்கச் சொல்வார்கள். எங்கள் மாஸ்டர் பெல்விக்கைப் பக்கம் பக்கமாக அடித்து, அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உங்கள் வேகம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் பெல்விக்கின் வாழ்க்கை. புதுசாகச் சேர்ந்தவனுக்கு அவருடைய குழந்தைப் பருவம். லோயர் பரீட்சைக்குத் தயாரானால் அவருக்குக் கல்யாணம் ஆகும். தேர்தலுக்கு நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு நாற்பது வார்த்தை வேண்டும். அடுத்தவர் அட்டையைத் தொட்டால் அன்றைக்கு வெளியே போய்விட வேண்டியதுதான்.

"அப்பறம் என்ன சார் ஆச்சு, ஜெயிச்சாரா?" என்று கேட்டால், "ஸ்பீட ஏத்து. தெரியும்" என்பார். எங்கள் ஊரில் பல பேர் ஹையர் பாஸ் செய்தது சர்க்கார் வேலை ஆசையால் இல்லை, பெல்விக் ஜெயித்தாரா என்று தெரிந்துகொள்ளும் ஆசையால்தான்.

நானும் அப்படித்தான் ஏறினேன். பெல்விக் தோல் பதனிடுகிறவரின் மகன். மூன்று தேர்தல் தோற்று நான்காவதில் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். அவ்வளவு குறைந்த ஓட்டில் தான் எப்படி ஜெயித்தோம் என்று சந்தேகப்பட்டு, அவரே மறு எண்ணிக்கை கேட்டு, அதில் தோற்றுப்போனார். "மனுசன்னா இப்படி இருக்கணும்" என்று மாஸ்டர் எங்கள் தலைக்கு மேலே பார்த்துச் சொல்வார். அடுத்த முறை சபைக்குள் போனபிறகு, தானே படித்துப் பார்க்காத எந்த மசோதாவுக்கும் பெல்விக் கை தூக்கவில்லை. அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் எதையாவது நிறைவேற்றிவிடுவார்கள் என்று, ரொட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடத்திலேயே தின்றார். ரயில் கம்பெனி இலவச பாஸ் நீட்டியபோது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சபைக்கு நடந்தே போனார். தப்பி ஓடிவந்த கறுப்பின அடிமைகளை மலைக்குள் ஒளித்துவைத்துச் சோறு போட்டார்.

வினை இந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் தலைமறைவு ஆட்கள் யாராவது ஒளிந்திருப்பார்களோ என்று எங்கள் பக்கத்துப் போலீசுக்கு மலை என்றாலே சந்தேகம். மலைக்குப் போகும் சித்தேரி பஸ்ஸில் ஏறுகிறவனையும் பார்ப்பார்கள், இறங்குகிறவனையும் பார்ப்பார்கள். அதற்கென்றே ஒரு ஏட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, கீழே போலீஸ் பூட்ஸைக் கழற்றாமல், பஸ் ஸ்டாண்டில் பொதுஜனமாக உலாத்திக்கொண்டிருப்பார். நாங்கள் அடித்துத் தீர்த்த தாள்கள் சாக்கில் சேர்ந்து கீழே டீக்கடைக்குப் போகும், அங்கே போண்டா மடிக்க. ஒருநாள் ஏட்டு போண்டாவைத் தின்று முடித்துவிட்டு எண்ணெய்த் தாளைப் பிரித்துப் படித்திருக்கிறார். 'பெல்விக் அவர்களை மலையில் ஒளித்தார். உணவளித்தார். அதிகாரிகளிடம் வாய் திறக்கவில்லை.' ஆங்கிலத்தில், பக்கம் முழுக்க, இருபத்திரண்டு தடவை.

இன்னொரு போண்டா வாங்கினார். அதிலும் பெல்விக். அன்றைக்கு அவர் ஒன்பது போண்டா தின்றதாக டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். கடமை என்று வந்துவிட்டால் வயிற்றைப் பார்க்க முடியுமா?

மறுநாள் காலை ஏட்டு மாடிக்கு வந்தார். "போலீஸ்" என்றார்.

மாஸ்டர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எப்படி நம்பறது?"

ஏட்டு திடுக்கிட்டு அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். மாஸ்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டாவது வரி ஏறி நிக்குது. ரிப்பன் மாத்தி மாசக்கணக்கா ஆச்சு. இத அடிச்சவன் எந்த இன்ஸ்டிடியூட்டுங்க?"

"அத நான்தான் கேக்கணும். பெல்விக் யாரு?"

"நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

"அத நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

சந்தேகமே தொழிலாக இருக்கும் ஒருவரும் சந்தேகமே சுபாவமாக இருக்கும் ஒருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். கால்மணி நேரம் இருவரும் கேள்வியாகவே பேசினார்கள். ஒரு பதில்கூட வெளியே வரவில்லை. களைத்துப்போன ஏட்டு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

முதலில் சிக்கியவன் பச்சமுத்து. வத்தல்மலையிலிருந்து வந்து சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. "பெல்விக் தெரியுமா?"

"தெரியுமுங்க சார். நேத்துதான் ஆத்துல வுழுந்துட்டாருங்க."

"வயசு?"

"ஏழுங்க."

ஏட்டு எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவருக்கு... நாலு கொழந்தைங்க சார்" என்றேன்.

"ஏழு வயசுலயா?"

"இல்லைங்க சார், அவரு எலெக்சன்ல தோத்துட்டாரு, அவருக்கு அம்பது வயசு இருக்கும்" என்று ஆரோக்கியமேரி எங்களைக் காப்பாற்ற வந்தாள். எல்லாரும் உண்மையைத்தான் சொன்னோம். அவரவர் ஸ்பீடுக்குத் தெரிந்த உண்மை.

பத்து பேரிடம் பத்து வயதில் ஒரே ஆளைப் பற்றிக் கேட்டறிந்த ஏட்டு, 'பல உருவங்களில் நடமாடுகிறார்' என்று எழுதிக்கொண்டு, விசாரணை முடியும்வரை இன்ஸ்டிடியூட்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லிப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார். ஹையர் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான்கு நாள் மிஷினைத் தொடாவிட்டால் விரல் கட்டையாகிவிடும். ஆரோக்கியமேரிக்குத் தாலுகா ஆபீஸில் தற்காலிக வேலை, இந்த ஹையர் பாஸானால்தான் நிரந்தரம். ஒரு பேட்ச் மொத்தமும் கோட்டைவிட்டால் அடுத்த வருடம் மாஸ்டரிடம் யார் சேருவார்கள்? எதிர்த்தெருக்காரர் அப்போதே எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாஸ்டர் மட்டும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீயை மூன்று தடவை முகர்ந்து பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். "எந்திரிச்சுப் போங்கடா. என்னைச் சுத்தி நின்னா எனக்குச் சந்தேகமா இருக்குது" என்றார். ஆனால் கண் மாடிப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஏட்டு திரும்பி வந்தார். அவர் முகம் மாஸ்டர் முகத்தைவிட மோசமாக இருந்தது. எங்களைப் பெஞ்சில் நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் இதற்குள் உண்மை தெரிந்திருந்தது. கோயில் சாமியாரிடம் விசாரித்திருக்கிறார். இது பழைய புத்தகம், அமெரிக்காவில் யாரோ எம்.எல்.ஏ., நூறு வருசத்துக் கதை என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"அப்ப தொறந்து வுட்ர வேண்டியதுதானுங்களே" என்றேன்.

"எப்பிடிப்பா தொறக்கறது? நான் ஃபைல் ஓப்பன் பண்ணி மேல அனுப்பிட்டேனே! 'மேற்படி பெல்விக் தற்போது எங்கே' அப்படீன்னு மேலருந்து கேட்டு வந்துருக்குது. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு நான் எழுதுனா, எனக்கு வேற ஊருக்கு மாத்தல்தான். செத்துட்டாருன்னு எழுதுனா ஃபைல மூடிருவாங்க. அதுக்கு ஆதாரமா ஒரு தாளு வேணும். மாஸ்டர், அந்தக் கடைசிப் பக்கத்தக் காட்டுங்க. நான் சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தோம். அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். புத்தகம். அதை அவர் கையில் நாங்கள் பார்ப்பது அதுவே முதல் தடவை. கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார்.

பெல்விக் கிழவராகிவிட்டார். கடும் காய்ச்சல். வெளியே பனி. மறுநாள் சபையில் வாக்கெடுப்பு. என்னைத் தூக்கி வண்டியில் போடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். வண்டி கிளம்புகிறது. அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு இருந்த பக்கங்களை எந்தக் காலத்திலோ யாரோ கிழித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடித்தாலும் மாஸ்டரிடம் சொல்வதற்கு முடிவு இல்லை.

ஏட்டு தலையில் கை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர், உங்ககிட்ட மிஷினு இருக்குது. இங்கிலீசு இருக்குது. ஒரே ஒரு பக்கம்" என்றார்.

"நான் அடிக்க மாட்டேனுங்க."

"பொய்யின்னா?"

"அதுமில்லைங்க." மாஸ்டர் புத்தகத்தைப் பொட்டலமாகக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. "எனக்குன்னு வூட்ல யாருமில்ல. காலைல ஆறு மணிக்குக் கதவத் தொறந்தா, அந்த மனுசன் ஏழாவது மிஷின்ல சின்னப் பையனா ஓடிகிட்டு இருப்பாரு. மூணாவதுல கல்யாணம் நடக்கும். ஒண்ணாவதுல எவனையோ எதுத்துப் பேசிகிட்டிருப்பாரு. இருவது வருசமா இதான் எனக்கு. சாவு மட்டும் அந்த ரூம்ல நடந்ததில்லைங்க. என் கையால முடியாது."

டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டார். ஏட்டு தரையைப் பார்த்தார். அவ்வளவு நாளும் மாஸ்டரைப் பற்றி நாங்கள் அடித்த கிண்டல் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஆரோக்கியமேரிதான் எழுந்தாள். "சாவியக் குடுங்க ஏட்டய்யா. நான் அடிக்கறேன். இவன் சொல்லுவான்" என்று என்னைக் கைகாட்டினாள். எங்கள் பேட்சில் அவள்தான் வேகம். என்னுடைய ஆங்கிலம் சுமார்தான், ஆனால் ஒரு வருடம் பெல்விக்கோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேனே.

மாடிக்கு ஐந்து பேர் போனோம். பச்சமுத்துவும் வந்தான், அவனைத் தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஏட்டு ஃபைலுக்காக இரண்டு கார்பன் வைக்கச் சொன்னார். மாஸ்டர் வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

நான் சொல்லச் சொல்ல ஆரோக்கியமேரி அடித்தாள். வண்டி பனியில் ஊர்ந்தது. சபைக்கு வந்து சேர்ந்தது. பெல்விக்கைத் தாங்கலாக உள்ளே கொண்டுபோனார்கள்.

"மசோதாவப் படிச்சாரா?" முதுகு கேட்டது.

"முழுசாப் படிச்சாருங்க சார்."

"ஓட்டு?"

"எதுத்துதாங்க சார்."

"ம்" என்றார் மாஸ்டர்.

ஓட்டுப் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்த பெல்விக், அங்கேயே அமைதியாக... என்று சொல்லி நிறுத்தினேன். 'இறந்தார்' என்பதற்கு ஆங்கிலத்தில் நாலே எழுத்து. மிஷின் நின்றுவிட்டது. ஆரோக்கியமேரியின் விரல் காக்கித் துணிக்குள் அசையவே இல்லை. பச்சமுத்து மூக்கை உறிஞ்சினான். அவனுக்கு அந்த மனிதர் இன்னும் ஆற்றிலிருந்து கரையேறவே இல்லை.

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "இடது நடுவெரல், மேரி."

ஒரு தட்டல்.

"வலது நடுவெரல். திரும்ப இடது, மேல் வரிசை. அதே வெரல எறக்கி முடிச்சிரு."

மூன்று தட்டல்கள் கேட்டன. மாஸ்டர் திரும்பவில்லை. "புள்ளி வெச்சியா?" என்றார். பிறகு புள்ளியும் வைத்தாள்.

ஏட்டு ஒரிஜினலையும் ஒரு கார்பனையும் மடித்துக்கொண்டு, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மீதிக் கார்பனை மாஸ்டர் சிவப்புப் பென்சிலோடு ஒருமுறை, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை படித்தார். ஒரு வட்டம்கூடப் போடவில்லை. அவர் கையில் தப்பில்லாமல் போன தாளை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை போனால் கதவு சாத்தியிருந்தது. சாக்பீஸில் 'இன்று விடுமுறை' என்று எழுதியிருந்தது. பரீட்சைக்கு ஏழே நாள்! கீழே ஏட்டு போண்டாவோடு நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, நான்தான் சாவியக் குடுத்துட்டேனே, இன்னும் எதுக்குப் பூட்டியிருக்குது?" என்று பழைய குரலில் கேட்டார்.

"துக்கமுங்க" என்றாள் ஆரோக்கியமேரி.

ஏட்டு கடித்த போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டார்.

அந்த முறை ஹையர் எழுதிய அத்தனை பேரும் பாஸ். அடுத்த வருடமே எனக்குச் சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். அப்பாயின்மென்ட் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, போலி இல்லை என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். படி இறங்கும்போது, "டேய், நில்லு" என்றார்.

"என்னங்க சார்?"

"மெட்ராஸ்ல பெரிய பெரிய லைப்ரரியெல்லாம் இருக்குதாமே. அமெரிக்காப் புஸ்தகமெல்லாம் வெச்சிருப்பாங்களாமே."

"ஆமாங்க சார். போய்த் தேடிப் பாக்கட்டுமுங்களா? கடைசிப் பக்கத்த எழுதி அனுப்பறேன்."

மாஸ்டர் பதறிப்போனார். "போவாத. அந்தப் பக்கமே போவாத. நீங்க அடிச்சதே போதும். அதுதான் அவருக்குச் சரி."

மாஸ்டர் போய்ப் பல வருடம் ஆகிறது. நான் தினமும் ஆபீஸ் போகிற பஸ் ஒரு பெரிய நூலகத்தின் வாசலில் நின்றுதான் கிளம்புகிறது. இறங்கிப் போய்க் கேட்க ஐந்து நிமிடம் ஆகாது. முப்பது வருடமாக இறங்கவில்லை. அவர் சொன்ன வேலையில் ஒன்றையாவது கடைசிவரை தப்பில்லாமல் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.